தெளிவைப் பார்த்து ஏமாற வேண்டாம்

வீட்டில் நீச்சல் குளம் கட்டுகிறவர்கள் முதலில் கேட்பது, ‘சுத்தம் பண்ண எந்த மெஷின் வாங்கலாம்?’ என்பதுதான். கொச்சியில் அப்படிக் கேட்கிறவரின் கால்கள் பிராட்வேக்கும் அதை ஒட்டிய ஜூ தெருவுக்கும்தான் போகும். குழாய், பம்பு, வால்வு என்று அலைகிறவர்களின் வழக்கமான வட்டாரம் அது. கையிலிருக்கும் பட்டியலில், தரையில் ஊர்ந்து அழுக்கை உறிஞ்சும் ரோபோ முதலிடத்திலும் குளோரின் சோதனைப் பெட்டி கடைசியிலும் இருந்தால், பட்டியலைத் தலைகீழாக எழுதியிருக்கிறார் என்றே சொல்வேன். குளத்துக்கான முதல் செலவு கண்ணுக்குத் தெரியாத அழுக்குக்காக இருக்க வேண்டும். எந்த ஊருக்கும் பொருந்தும் இந்த விதியைக் கேரளத்தில் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது.

2016-ல் ஆலப்புழையில் முதலில் கண்டறியப்பட்ட அமீபா மூளைக்காய்ச்சல், கடந்த சில ஆண்டுகளில் கேரளத்தின் பல மாவட்டங்களில் தலைகாட்டியிருக்கிறது. இதற்குக் காரணமான அமீபாக்களில் கொடியது நெக்லேரியா ஃபவுலேரி. வெதுவெதுப்பான நன்னீர்தான் அதற்குப் பிடித்த இடம். குடித்த நீரால் இந்த நோய் வராது. மூக்கு வழியாக நீர் ஏறினால்தான் அமீபா மூளையை எட்டும். அப்படி எட்டிவிட்டால், உலகக் கணக்குப்படி நூற்றில் 97 பேருக்கு மேல் பிழைப்பதில்லை. பாசி படிந்த ஊர்க்குளங்களைப் பற்றி மட்டும் கவலைப்பட்டுக் கொண்டிருந்த நிலை 2025-ல் மாறியது. ஆகஸ்டு இறுதியில் ‘ஜலமாணு ஜீவன்’ என்ற பெயரில் கிணறுகளிலும் நீர்த்தொட்டிகளிலும் குளோரின் இடும் இயக்கத்தை மாநில அரசு நடத்தியது. செப்டம்பரில், திருவனந்தபுரம் ஆக்குளம் சுற்றுலா கிராமத்தின் நீச்சல் குளத்தில் குளித்த மாணவர் ஒருவருக்குத் தொற்று உறுதியானதும் அந்தக் குளம் மூடப்பட்டு, நீர் மாதிரிகள் சோதனைக்கு எடுக்கப்பட்டன. டைல்ஸ் பதித்த நீலக் குளம் என்பதாலேயே யாரும் நிம்மதியாக இருந்துவிட முடியாது.

இப்போது கருவிகளின் கணக்கைப் பார்ப்போம். வீட்டுக் குளங்களில் பரவலாக உள்ள மணல் வடிகட்டி சுமார் 20 முதல் 40 மைக்ரான் வரையுள்ள துகள்களைப் பிடிக்கும். நெக்லேரியாவின் உறங்குநிலைக் கூடு 7 முதல் 15 மைக்ரான்தான். மணலுக்குள் நுழைந்து மறுபக்கம் வந்துவிடக்கூடியது. ரோபோவின் வலைப்பை இலையையும் மண்ணையும் அள்ளும். கிருமிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கிருமியைக் கொல்வது நீரில் எப்போதும் மிச்சமிருக்கும் குளோரின். லிட்டருக்குக் குறைந்தது 1 மில்லிகிராம் குளோரின், 7.0 முதல் 7.8 வரை பி.எச். (நீரின் அமில-காரத் தன்மையின் அளவு) என்பது அமெரிக்க நோய்த்தடுப்பு மையத்தின் பரிந்துரை. பி.எச். அளவை அலட்சியப்படுத்தினால் குளோரின் போட்டும் பயனில்லை. பி.எச். 7.5-ல் குளோரினில் ஏறக்குறைய பாதி கொல்லும் வடிவத்தில் இருக்கும், 8.5-க்கு ஏறினால் பத்தில் ஒரு பங்குதான். இதைக் கண்டுபிடிக்க ஆய்வகம் வேண்டாம். சிறு குழாயில் குளத்து நீரை எடுத்து மருந்தைப் போட்டால் குளோரினுக்கு இளஞ்சிவப்பு நிறம் வரும். நிறம் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு குளோரின். பக்கத்துக் குழாயில் மஞ்சளிலிருந்து சிவப்பு வரை மாறும் நிறம் பி.எச். அளவைச் சொல்லும். இரண்டு நிமிட வேலை.

8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரி 1.25 மீட்டர் ஆழமுள்ள குளத்தில் 40,000 லிட்டர் நீர் நிற்கும். அதில் குளோரினை லிட்டருக்கு 1 மில்லிகிராம் உயர்த்த 40 கிராம் குளோரின் வேண்டும். 33 சதவீத வீரியமுள்ள பிளீச்சிங் பவுடர் என்றால் சுமார் 120 கிராம். மூட்டையில் கிடந்து 20 சதவீதத்துக்கு இறங்கிய பழைய சரக்கு என்றால் 200 கிராம். பவுடரை வாளி நீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியபின் மேல்நீரை மட்டும், வெயில் தாழ்ந்த பிறகு ஊற்ற வேண்டும். வெயில் குளோரினைச் சில மணி நேரத்தில் தின்றுவிடும். ஊற்றிய மருந்து மூலை முடுக்கெல்லாம் போக பம்பு ஓட வேண்டும். 40,000 லிட்டரும் எட்டு மணி நேரத்தில் ஒரு சுற்று வர, மணிக்கு 5,000 லிட்டர் தள்ளும் பம்பு போதும். பம்பும் வடிகட்டியும் ஒன்றுக்கொன்று பொருந்துவது ரோபோவின் பிராண்டைவிட முக்கியம். கொச்சியில் ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை கொட்டுகிறது. ஒவ்வொரு பெருமழையும் குளோரினை நீர்க்கச் செய்து மண்ணையும் இலையையும் சேர்த்துக்கொண்டு வருகிறது. மழை நின்றதும் சோதிப்பது இங்கே கட்டாயம்.

‘உப்பு சிஸ்டம் வைத்துவிட்டால் குளோரினே வேண்டாமே’ என்பார்கள். அந்தக் கருவி உப்பிலிருந்து மின்சாரத்தால் குளோரினைத்தான் தயாரிக்கிறது. நம் 40,000 லிட்டர் குளத்துக்குத் தொடக்கத்திலேயே 120 முதல் 160 கிலோ உப்பு கேட்கும், பி.எச். அளவையும் மெல்ல மெல்ல ஏற்றும். புற ஊதா விளக்கும் ஓசோனும் தங்களைக் கடந்து போகும் நீரைத்தான் சுத்தம் செய்யும். அடுத்த நொடி குளத்தில் இறங்குகிறவரின் உடலிலிருந்து வரும் கிருமிக்கு எதிராகக் குளத்துக்குள் காவல் இராது. ‘குளோரின் கண்ணை எரிக்கிறது’ என்பது இன்னொரு புகார். அந்த எரிச்சலும் நெடியும் பெரும்பாலும் குளோரின் வியர்வையோடும் சிறுநீரோடும் கலந்து உண்டாகும் குளோரமைன்களின் வேலை. இறங்குமுன் குளிப்பதே அதற்கு மருந்து. கிணற்று நீரில் குளோரின் பட்டதும் தேநீர் நிறமாகிறது என்றால், செம்மண் பூமியின் இரும்பு வெளியே வருகிறது என்று பொருள். வடிகட்டியை ஓட்டி, பின்னோட்டமாகக் கழுவினால் தீரும். குளோரினுக்கும் எல்லை உண்டு. கிரிப்டோஸ்போரிடியம் என்ற வயிற்றுப்போக்குக் கிருமி வழக்கமான அளவு குளோரினில் ஒரு வாரத்துக்கு மேலும் தாங்கும். வயிற்றுப்போக்கு இருப்பவர் குளத்தில் இறங்கக் கூடாது என்ற விதிக்கு ஈடாக எந்தக் கருவியும் இல்லை.

ரோபோ வேண்டாம் என்பது என் வாதமல்ல. சுவரிலும் தரையிலும் படியும் வழுவழுப்பான படலத்துக்குள் கிருமிகள் குளோரினுக்குத் தப்பி ஒளிந்திருக்கும். அதைத் தேய்த்து அகற்றியாக வேண்டும். குனிந்து தேய்க்க முடியாத முதியவர்களின் வீட்டுக்கு ரோபோ நல்ல துணை. மற்றவர்களுக்கு நீளக்கம்பு தூரிகையே அதே வேலையைச் செய்யும். ‘இது பணக்காரர் கவலை’ என்று ஒதுக்குவதும் சரியல்ல. அடுக்குமாடிக் குடியிருப்பு, ஹோம்ஸ்டே, நீச்சல் பயிற்சிக் கூடம் என்று ஒரே குளத்தில் பல வீட்டுப் பிள்ளைகள் இறங்குகிறார்கள். அங்கே தவறினால் பாதிக்கப்படுவது உரிமையாளர் மட்டுமல்ல.

ஆகவே வாங்கும் வரிசை இதுதான்: முதலில் சோதனைப் பெட்டி, அடுத்து குளத்தின் கொள்ளளவுக்கு ஏற்ற பம்பும் வடிகட்டியும், பிறகு வீரியம் குறையாத குளோரின், அதன்பின் தூரிகை. பணம் மிஞ்சினால் ரோபோ. பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்குமுன் அந்தச் சிறு குழாயின் நிறத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.