முகமூடியை எப்போது மாட்டுவது?

தீயணைப்பு வீரர் சுவாசக் கருவியை எப்போது மாட்ட வேண்டும்? யாரைக் கேட்டாலும் "புகை வந்தா மாட்டிக்க வேண்டியதுதானே" என்று பதில் வரும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பதிலில் ஒரு ஓட்டை இருக்கிறது. எவ்வளவு புகை வந்தால்? கண் எரிந்தாலா, இருமல் வந்தாலா, எதிரில் நிற்பவர் தெரியாமல் போனாலா? இதை அங்கே நிற்கும் ஆளே முடிவு செய்யட்டும் என்று விட்டுவிடுகிறோம். தப்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

விருத்தாசலத்தில் இதைப் புரியவைப்பது மற்ற ஊர்களைவிடச் சுலபம். ரயில்வே ஜங்ஷனை விட்டால் வெளியூர்க்காரர்களுக்குத் தெரிந்தது இங்குள்ள செராமிக் தொழிற்பேட்டைதான் (பழமலைநாதர் கோவித்துக்கொள்ள வேண்டாம்). இங்கே செராமிக் டிப்ளமோ படிப்பவர்களுக்கு ரிடக்ஷன் ஃபயரிங் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. சூளை நல்ல சூட்டில் இருக்கும்போது டேம்பரை மூடிக் காற்றைக் குறைத்துவிடுவார்கள். எரிபொருள் இருக்கிறது, சூடு இருக்கிறது, ஆக்ஸிஜன் மட்டும் போதவில்லை. கார்பன் அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்ஸைடு ஆகிறது. அது சும்மா இருக்காது, பக்கத்தில் கிடைக்கும் ஆக்ஸிஜனைப் பிடுங்கும். கிளேஸில் இருக்கும் தாமிர ஆக்ஸைடிலிருந்தே உருவிவிடும். பச்சையாக வந்திருக்க வேண்டிய பாத்திரம் சிவப்பாக வருவது அதனால்தான்.

இப்போது ஒரு கிடங்கை நினைத்துக்கொள்ளுங்கள். ஷட்டர் இறக்கியிருக்கிறது, ஜன்னல் கிடையாது. உள்ளே பொம்மைகளைச் சுற்ற வைக்கோல், அட்டைப்பெட்டி, தெர்மாகோல், பிளாஸ்டிக் பை. தீப்பிடித்தால் டேம்பரை மூடிய சூளையில் நடப்பதே அங்கும் நடக்கும். தீ பெரிதாகத் தெரியாமல், உள்ளே புகை மட்டும் கெட்டியாகிக்கொண்டே போகும்.

கார்பன் மோனாக்ஸைடு உடம்புக்குள் செய்யும் வேலை வேறு மாதிரி. ரத்தத்தில் ஹீமோகுளோபினில் ஆக்ஸிஜன் உட்கார வேண்டிய இடத்தில் இது போய் உட்கார்ந்துகொள்ளும். ஒட்டும் திறன் ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கும் மேல். நிறமில்லை, வாசனையில்லை, இருமல்கூட வராது. முதலில் லேசான தலைவலி, கொஞ்சம் தடுமாற்றம், யோசனையில் மந்தம். காற்றில் அது 1 சதவீதத்தைத் தாண்டிவிட்டால் சில மூச்சுகளிலேயே நினைவு தப்பலாம்.

அதாவது "இப்போது மாட்டலாமா, இன்னும் கொஞ்சம் பொறுக்கலாமா" என்று முடிவெடுக்க வேண்டிய மூளைதான் முதலில் அடிவாங்குகிறது. குடித்திருப்பவரிடமே "வண்டி ஓட்டும் அளவுக்கு நிதானமாக இருக்கிறீர்களா" என்று கேட்பது போலத்தான். எனவே மாட்டும் நேரத்தை அனுபவத்துக்கோ தைரியத்துக்கோ விடக்கூடாது. இடத்தை வைத்து விதி இருக்க வேண்டும். வாசல்படிதான் எல்லை. அதைத் தாண்டுவதற்கு முன் முகத்தில் மாட்டி, காற்றைத் திறந்து, கசிவு பார்த்துவிட வேண்டும். உள்ளே புகை இருக்கிறதா இல்லையா என்பது அப்புறம்.

முகமூடி என்ற சொல்லே கொஞ்சம் குழப்பம் தருகிறது. 2020க்குப் பிறகு என்95 தெரியாதவர் கிடையாது. களிமண், சிலிக்கா பவுடர் புழங்கும் இடங்களில் மூக்கைக் கட்டிக்கொண்டு வேலை செய்வதும் இந்த ஊருக்குப் புதிதல்ல. சிலிக்கோசிஸ் வராமல் இருக்க நல்ல தூசி முகமூடி அவசியம்தான். ஆனால் அது தடுப்பது துகளை. வாயு அதைத் தாண்டிப் போய்விடும். துண்டை நனைத்துக் கட்டிக்கொண்டு உள்ளே ஓடுவது சினிமாவில் நன்றாக இருக்கும். ஈரத் துண்டு கரியைக் கொஞ்சம் பிடிக்கும், கார்பன் மோனாக்ஸைடை விட்டுவிடும். தீயணைப்புத் துறையில் பி.ஏ. செட் என்று சொல்வது வேறு ஜாதி. முதுகில் அழுத்தக் காற்று சிலிண்டர், முகம் முழுக்க மூடும் கவசம். வெளிக்காற்றை வடிகட்டித் தருவதில்லை, கொண்டுபோன காற்றையே தருகிறது. கவசத்துக்குள் அழுத்தம் சற்று அதிகமாக இருப்பதால் சின்ன இடுக்கு இருந்தாலும் காற்று வெளியேதான் கசியும். தாடி இருந்தால் கவசம் சரியாக ஒட்டாது. மீசைக்குப் பெரும்பாலும் பிரச்சினையில்லை, நம்மூர் வீரர்கள் நிம்மதியாக இருக்கலாம்.

புகை என்ன செய்யும் என்பதற்குத் தமிழ்நாடு நேரில் பார்த்த உதாரணம் தி.நகர் சென்னை சில்க்ஸ். 2017 மே 31 அதிகாலை பிடித்த தீ. ஏழு மாடி, உள்ளே முழுக்கத் துணி, காற்றுப் போக வழி குறைவு. நாள் முழுக்க டிவியில் தெரிந்தது பெரும்பாலும் கரும்புகைதான். புகையாலும் வெப்பத்தாலும் உள்ளே நுழைவதே பெரும்பாடாகி, ஒரு நாளைத் தாண்டியும் எரிந்து, மறுநாள் அதிகாலையில் கட்டிடத்தின் ஒரு பகுதி சரிந்தது. பட்டு, கம்பளி, நைலான், மெத்தைக்குள் இருக்கும் ஃபோம் இவை எரிந்தால் ஹைட்ரஜன் சயனைடும் சேர்ந்து வரும். டெல்லி உப்ஹார் தியேட்டரில் 1997 ஜூன் 13 அன்று 59 பேர் இறந்தார்கள். தீ பிடித்தது கீழே டிரான்ஸ்ஃபார்மரில், மூச்சுத் திணறிச் செத்தவர்கள் இருந்தது மேலே பால்கனியில். தீ எங்கே இருக்கிறது என்பது மட்டும் முக்கியமில்லை என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

சரி, எதிர்வாதம் இல்லையா? இருக்கிறது, அதுவும் வலுவானது. காற்று அளவுதான். 6.8 லிட்டர் சிலிண்டரை 300 பார் அழுத்தத்தில் நிரப்பினால் ஏறத்தாழ 2000 லிட்டர் காற்று. 55 பார் வாக்கில் எச்சரிக்கை விசில் அடித்துவிடும், அதற்குமேல் இருப்பது வெளியே வருவதற்கு. நிமிடத்துக்கு 40 லிட்டர் என்று கணக்கிட்டால் விசில் வரை சுமார் 40 நிமிடம். ஹோஸை இழுத்துக்கொண்டு படியேறுகிறவர் 60 லிட்டர்கூட இழுப்பார், அப்போது அரை மணிகூட வராது. வண்டியிலேயே முகத்தை மூடிக் காற்றைத் திறந்துவிட்டால் பாதி வழியிலேயே கரைய ஆரம்பித்துவிடும். கண்ணாடியில் ஆவி படியும், பேச்சு புரியாது, இன்னும் பத்து கிலோவுக்கு மேல் முதுகில் சுமை. "அதனால்தான் முடிந்தவரை தள்ளிப்போடுகிறோம்" என்பார்கள்.

ஆனால் இந்த வாதம் சொல்வது வண்டியில் மாட்டாதே என்பதைத்தான். உள்ளே போய் மாட்டு என்பதை அல்ல. செட்டை முதுகில் ஏற்றிப் பட்டையை இறுக்குவது ஒன்று, முகத்தை மூடிக் காற்றைத் திறப்பது இன்னொன்று. முதலாவது வண்டி நின்றவுடன், இரண்டாவது வாசலில். காற்று குறைவு என்றால் இன்னொரு சிலிண்டர் தயாராக இருக்க வேண்டும், யார் எத்தனை மணிக்கு உள்ளே போனார் என்று வாசலில் ஒருவர் குறித்துக்கொள்ள வேண்டும். சிக்கனம் பார்க்க வேண்டியது ஆட்களின் நுரையீரலில் அல்ல.

மாட்டுவதைவிடக் கழற்றுவதில்தான் தப்பு அதிகம் நடக்க வாய்ப்பு. ஜுவாலை அடங்கிவிட்டது, தண்ணீர் சொட்டுகிறது, எல்லோருக்கும் ஒரு பெருமூச்சு. முகத்தைக் கழற்றிவிட்டு எரிந்த மூட்டைகளைக் கிளறிக் கனல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அந்த நேரத்தில் வெளிச்சத்தில் புகை மெல்லியதாகத்தான் தெரியும். ஆனால் கனன்று கொண்டிருக்கும் பொருள், ஆக்ஸிஜன் போதாமல் கார்பன் மோனாக்ஸைடைத் தாராளமாக விடும். பழைய ஷெட் என்றால் மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை வெடித்துத் தூளாகியிருக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2022ல் தீயணைப்புப் பணியையே புற்றுநோய் உண்டாக்கும் தொழில் என்று முதல் பிரிவில் சேர்த்தது. மீசோதீலியோமாவுக்கும் சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கும் போதிய சான்று இருக்கிறது என்றது. மீசோதீலியோமா என்றாலே ஆஸ்பெஸ்டாஸ்தான் முதல் சந்தேகம். சுவர் விழுந்து இறந்தால் மறுநாள் பேப்பரில் வரும். இருபது வருடம் கழித்து வரும் நோய்க்கு எந்தத் தீ காரணம் என்று யார் எழுதப் போகிறார்கள்?

வாசல் விதி பொருந்தாத இடமும் உண்டு. 2022 ஏப்ரலில் பெருங்குடி குப்பைக் கிடங்கும் 2023 மார்ச்சில் கொச்சி பிரம்மபுரமும் நாள்கணக்கில் புகைந்தன. அங்கே வாசலே கிடையாது. அரை மணி சிலிண்டரை வைத்துக்கொண்டு பத்து நாள் நிற்க முடியாது. திறந்த வெளியில் வாயுவை வடிகட்டும் கேனிஸ்டர் முகமூடி, காற்று வரும் பக்கமாக நின்று அடிப்பது, அடிக்கடி ஆள் மாற்றுவது என்று வேறு ஏற்பாடு தேவை. அதற்கும் சாதாரணத் துணி மாஸ்க் விடையல்ல.

கடைசியாக வேடிக்கை பார்ப்பவர்கள். கடைத்தெருவில் தீ என்றால் வண்டி வருவதற்கு முன் கூட்டம் வந்துவிடும். வீரர்கள் இறங்கி வாசலில் நின்று பட்டையை இறுக்கி, கவசத்தை முகத்தில் பதித்துக்கொண்டிருந்தால் பின்னாலிருந்து சத்தம் வரும். "உள்ள எரியுது, இன்னும் என்ன மாட்டிக்கிட்டு நிக்கறீங்க!" இந்தச் சத்தத்துக்காகவே அப்படியே உள்ளே ஓடத் தோன்றும், மனிதன்தானே. பழகிய கைக்கு அந்த வேலை ஒரு நிமிடம் பிடிக்கும். அந்த ஒரு நிமிடம் கூட்டம் வாயை மூடிக்கொண்டு ஹோஸை மிதிக்காமல் நின்றால் போதும்.