மணி என்னை வாக்கிங் கூட்டிப் போன கதை

காலை ஐந்தே முக்கால் மணிக்கு மடிப்பாக்கம் பக்கம் ஒரு ஆசாமி தலைதெறிக்க ஓடுவதைப் பார்த்தால், 'அடடா, உடம்பு மேல் என்ன அக்கறை!' என்று புல்லரித்துப் போகாதீர்கள். அவருக்கு ஆறடி முன்னால் கொஞ்சம் பாருங்கள். ஒரு நாய் இருக்கும். அவர் ஓடவில்லை சார்... இழுத்துச் செல்லப்படுகிறார்.

அந்த ஆசாமி அடியேன்தான். நாயின் பெயர் மணி.

மணிக்கு ஒன்பது மாசம். கோவில்பட்டிக்கார நண்பன் ஒருவன் கூடையில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்த சிப்பிப்பாறை. முயல் வேட்டைக்கென்றே வளர்க்கப்பட்ட ஜாதி. மூக்கைவிடக் கண்ணைத்தான் அதிகம் நம்பும். தூரத்தில் எது அசைந்தாலும் பாய வேண்டும் என்பது பரம்பரைச் சொத்து. எங்கள் தெருவில் முயல் கிடையாது. ஆனால் பதினொரு நாய்கள் உண்டு.

அஞ்சு மாசக் குட்டியாக இருந்தவரை தங்கக்கம்பி. கயிறே வேண்டாம். என் செருப்புச் சத்தத்துக்குப் பின்னாலேயே வருவான். எட்டாவது மாசம் ஏதோ ஆச்சு. 'மணி' என்றால், 'யாரைக் கூப்பிடறீங்க?' என்பது போல் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. இன்னொரு நாய் கண்ணில் பட்டால் போச்சு. பின்னங்காலில் எழுந்து நின்று, எதிர்க்கட்சி எம்.எல்.ஏ. மாதிரி கூச்சல்.

சிரிப்பாகத்தான் இருந்தது. ஒரு நாள் காலை எனக்குப் பதில் அம்மா அவனைக் கூட்டிப் போகும் வரை.

டீக்கடை பெஞ்சுக்கு அடியிலிருந்து செவலை நாய் எழுந்து வர, மணி ஒரே பாய்ச்சல். அம்மா கயிறைக் கையில் இரண்டு சுற்று சுற்றி வைத்திருந்தாள். (தயவு செய்து யாரும் அப்படிச் சுற்றாதீர்கள்.) தரையில் விழுந்து, மணிக்கட்டில் எலும்பு விட்டுவிட்டது. ஆறு வாரம் மாவுக்கட்டு.

"மணியைக் கட்டி இழுக்கப் போய் மணிக்கட்டு போச்சு" என்று அம்மா ஜோக் அடித்தாள். நான் சிரித்தேன். என் மனைவி சிரிக்கவில்லை.

"அத்தை கட்டு பிரிக்கறதுக்குள்ள இவனுக்கு ஒழுங்கா நடக்கக் கத்துக்குடுங்க. இல்லேன்னா திண்டிவனத்துல எங்க சித்தப்பா தோட்டம் இருக்கு. அங்கே அனுப்பிடலாம்."

கெடு: ஆறு வாரம். ஆபீஸில்கூட எனக்கு இவ்வளவு கறாரான கெடு வைத்ததில்லை.

ஆபீஸ் என்றதும் ஞாபகம் வருகிறது. நாய் வளர்க்காதவர்கள் அத்தனை பேரும் நாய் நிபுணர்கள் என்பது அங்கேதான் தெரிந்தது. ஹெட் கிளார்க் சொன்னார்: "ஏம்பா, அது பாயறப்போ கயிறை ஒரு சுண்டு சுண்டு. கழுத்து வலிச்சா தானா அடங்கும்."

சுண்டினேன். ஒரு வாரம் சுண்டினேன். மணி அடங்கவில்லை. முன்பு விளையாடக் கூப்பிடுவது போல் குலைத்தவன், இப்போது பல்லைக் காட்டி உறும ஆரம்பித்தான்!

பயந்துபோய் வெட்னரி டாக்டரம்மாவிடம் ஓடினேன். கேட்டுவிட்டு, "பாவ்லோவ் தெரியுமா சார்?" என்றார். பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். 1904-ல் நோபல் பரிசு வாங்கிய ரஷ்ய விஞ்ஞானி. சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு சத்தம், அப்புறம் சாப்பாடு என்று பழக்கினால், பிறகு சத்தம் கேட்டாலே நாய்க்கு எச்சில் ஊறும்.

"நீங்க அதே பாடத்தைத்தான் நடத்தியிருக்கீங்க. என்ன, தலைகீழா! இன்னொரு நாய் தெரிஞ்சா கழுத்து வலிக்கும்னு சொல்லிக் கொடுத்திருக்கீங்க. அது அந்த நாயைப் பார்த்து உறுமாம என்ன செய்யும்?"

தலையைக் குனிந்துகொண்டேன்.

"இன்னொண்ணு சொல்லுங்க. எதிர் நாய் எவ்வளவு தூரத்துல இருக்கிற வரைக்கும் மணி உங்க பேச்சைக் கேக்கறான்?"

முழித்தேன். 'ஏன் கேட்க மாட்டேங்கிறான்' என்று ஆயிரம் தடவை யோசித்தவன், 'எதுவரை கேட்கிறான்' என்று ஒரு தடவைகூட யோசித்ததில்லை.

நாய்களுக்கும் விடலைப் பருவம் உண்டாம். இங்கிலாந்தில் நியூகாஸில் பல்கலைக்கழகத்து லூஸி ஆஷர் குழுவினர் 2020-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், எட்டு மாச நாய்கள் வளர்த்தவர் 'உட்கார்' என்றால் தட்டிக் கழித்தன. அதையே முன்பின் தெரியாத ஆள் சொன்னால் உட்கார்ந்தன! நம் வீட்டுப் பிள்ளைகள் பக்கத்து வீட்டு மாமா சொன்னால் மட்டும் கேட்கும் அதே விஷயம். பருவம் தாண்டினால் இது சரியாகிவிடுமாம். அதற்குள் நாம் உறவைக் கெடுத்துக்கொள்ளாமல் இருக்க வேண்டும்.

சரி, வைத்தியம் என்ன?

முதலில் சாமான். சிப்பிப்பாறைக்குத் தலை சின்னது, கிட்டத்தட்ட கழுத்து அளவுதான். சாதாரணக் கழுத்துப்பட்டையிலிருந்து பின்னால் நழுவி வெளியே வந்துவிடும். அதனால் மார்பில் வளையம் வைத்த ஹார்னஸ். இழுத்தால் உடம்பு பக்கவாட்டில் திரும்பிவிடும், இழுவைக்கு வலு இருக்காது. ஆறடிக் கயிறு போதும். பட்டனை அமுக்கினால் நீளும் கயிறு வேண்டாம். எப்போதும் கொஞ்சம் இழுபட்டுக்கொண்டே இருப்பதால் 'இழுத்தால் வழி கிடைக்கும்' என்று அதுவே சொல்லிக் கொடுத்துவிடும்.

இரண்டாவது, தூரம். எங்கள் தெருவில் நான் லைட் கம்பத்தால் அளந்தேன். செவலை மூன்று கம்பம் தள்ளி இருந்தால் மணி மனிதன் (ஸாரி, நாய்). இரண்டு கம்பம் என்றால் காது விறைக்கும். ஒரு கம்பம் என்றால் சாமி வந்துவிடும். பாடம் நடத்த வேண்டிய இடம் மூன்றாவது கம்பம். நான் இத்தனை நாளாக நடத்தியது டீக்கடை வாசலில்!

காலேஜ் படித்த காலத்தில், எதிரே லேடீஸ் காலேஜ் பஸ் நிற்கும்போது அப்பா கூப்பிட்டால் நமக்குக் காது கேட்டதா? பஸ் போன பிறகு கேட்டது அல்லவா? அவ்வளவுதான் விஷயம்.

மூன்றாவது, லஞ்சம். வேக வைத்த சிக்கன், உப்பு, காரம், வெங்காயம் எதுவும் கிடையாது. பட்டாணி அளவுத் துண்டுகள். மணி அந்த நாயைப் பார்க்கலாம், தடை இல்லை. பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினால், அந்த நொடியே 'சபாஷ்', உடனே ஒரு துண்டு. பாக்கெட்டைத் துழாவிக்கொண்டு நின்றால் லஞ்சம் எதற்கென்று அவனுக்குப் புரியாது. திரும்பவே இல்லையென்றால்? நெருங்கிவிட்டோம் என்று அர்த்தம். திட்டாமல் அப்படியே வட்டம் அடித்துப் பின்வாங்க வேண்டும். வேறு சமயத்தில் சும்மா இழுத்தால், மரம் மாதிரி நிற்க வேண்டும். கயிறு தொய்ந்தால் நடை. தினம் பத்துப் பதினைந்து நிமிஷம் போதும். தின்ற சிக்கனுக்குத் தகுந்தபடி சோற்றில் கழிவு.

"எனக்குக் கஞ்சி, இவனுக்குச் சிக்கனா?" என்றாள் அம்மா, கட்டுக் கையோடு.

முதல் வாரம் மரமாக நின்றே கழிந்தது. தெருவில் பேப்பர் போடும் பையன், "சார், யாருக்காக வெயிட்டிங்?" என்று கேட்டான். இரண்டாவது வாரம் மூன்றாவது கம்பத்தில் மணி திரும்பிப் பார்த்தான். அன்று ஆபீஸுக்கு அரை மணி லேட். கவலையே படவில்லை. மூன்றாவது வாரம் கர்வம் தலைக்கேறி ஒரேயடியாகப் பக்கத்துக் கம்பத்துக்குப் போனேன். பழைய கூச்சல். மறுநாள் மறுபடி மூன்றாவது கம்பம். பரமபதம் ஆடியவர்களுக்குப் புரியும்.

அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். செவலை தெரிந்ததும் முதலில் கயிறை இறுக்குவது மணி இல்லை. நான்! 'ஐயோ, வந்துடுச்சே' என்று என் முழங்கை மடங்க, கயிறு விறைக்க, அதற்கப்புறம்தான் மணி விறைக்கிறான். தந்தி அடித்தவன் நான், பழி அவன் மேல். அன்றிலிருந்து நாய் தெரிந்தால் முதலில் மூச்சை விட்டேன், தோளை இறக்கினேன்.

கம்பம் இரண்டானது, பிறகு ஒன்றானது. செவலைக்கு நேராகப் போகாமல் வில் மாதிரி வளைந்து போகக் கற்றேன். நாய் பாஷையில் நேருக்கு நேர் வருவது சண்டைக்கு இழுப்பது. செவலையும் நல்லவன்தான். ஒரு காது நுனி வெட்டியிருக்கும், கருத்தடை செய்துவிட்ட நாய். அவனுக்கு அவன் பெஞ்சு போதும்.

ஆறாவது வாரம் அம்மாவுக்குக் கட்டுப் பிரித்தார்கள். மறுநாள் காலை செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே வந்தாள். டீக்கடைக்கு இரண்டு கம்பம் முன்னால் கை நீட்டினாள்.

"குடுடா."

"வேணாம்மா. இன்னும் கை..."

"நல்ல கையிலதான் பிடிக்கப் போறேன். குடு."

கொடுத்தேன். சுற்றாமல் பிடித்தாள். கயிறின் நுனியை மட்டும் நான் விடவில்லை. பெஞ்சுக்கு அடியிலிருந்து செவலை எழுந்து சோம்பல் முறித்தது. மணி நின்றான். காது விறைத்தது. என் நெஞ்சில் டிரம்ஸ். அம்மா இழுக்கவில்லை. கூப்பிடவும் இல்லை. கயிறு நடுவில் தொய்ந்து ஊஞ்சல் மாதிரி தொங்கியது.

மணி மெதுவாகத் திரும்பி அம்மா முகத்தைப் பார்த்தான்.

"சமர்த்து" என்று அம்மா துண்டைக் கொடுத்தாள். திரும்பி நடக்கும்போது சொன்னாள்: "பதினேழு வயசுல நீயும் இப்படித்தான் இருந்தே. கொஞ்சம் லூஸா விடுங்கன்னு உங்கப்பாகிட்ட அடிச்சுண்டேன். கேட்டாரா மனுஷன்..."

நான் எதுவும் பேசவில்லை. அப்பா இருந்திருந்தால் அவரிடம் சொல்லியிருப்பேன். பயத்தில்தான் கயிறை இறுக்கினார் என்று இப்போது எனக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்தால், மனைவி செல்போனில் திண்டிவனத்தோடு பேசிக்கொண்டிருந்தாள்.

"இல்லை சித்தப்பா, நாய் வரலை. மாம்பழம் மட்டும் நீங்க அனுப்புங்க!"