எழுதுகிறவருக்கு ஊதியம் தருபவர் யார்?

வலைப்பதிவு எழுதி ஜீவனம் நடத்த முடியுமா என்று கேட்கும் இளைஞர்கள் நம்மிடையே பெருகிவருகிறார்கள். அதற்கு வழி காட்டுவதாகச் சொல்லும் பயிற்சி வகுப்புகளும் காணொளிகளும் அவர்களைக் காட்டிலும் விரைவாகப் பெருகிவருகின்றன. எந்த மென்பொருளைத் தேர்ந்தெடுப்பது, எந்தப் பொருளைப் பற்றி எழுதினால் கூட்டம் சேரும், பக்கத்தின் எந்த இடத்தில் விளம்பரத்தை வைத்தால் காசு மிகுதியாகக் கிடைக்கும் என்பனவற்றையெல்லாம் விஸ்தாரமாக எடுத்துரைக்கும் இந்த வகுப்புகள், அந்தக் காசை உண்மையில் கொடுப்பவர் யார், எதைப் பெற்றுக்கொண்டு அவர் அதைக் கொடுக்கிறார் என்ற கேள்வியை மட்டும் எழுப்புவதில்லை. எழுத்தின் தரத்தையும், எழுதுகிறவரின் சுதந்திரத்தையும், அந்த முயற்சியின் ஆயுளையும் நிர்ணயிப்பது இந்தக் கேள்விதான் என்பது என் திடமான அபிப்பிராயம். தமிழில் வலைப்பதிவு நடத்துகிறவர் விளம்பர வருமானத்தை நம்பி நெடுங்காலம் நிற்க முடியாது. வாசகரிடம் நேரே சந்தா கேட்கும் துணிவு அவருக்கும், அதைக் கொடுக்கும் பழக்கம் வாசகருக்கும் வந்தாக வேண்டும்.

கருவிகளைப் பற்றிக் குறை சொல்ல இடமில்லை. 1999-ல் பைரா லாப்ஸ் என்ற சிறு நிறுவனம் தொடங்கிய பிளாகர், நிரல் எழுதத் தெரியாத சாமானிய மனிதரும் தம் எழுத்தைச் சில நிமிஷங்களில் உலகத்தின் முன் வைக்கலாம் என்ற நிலையை உண்டாக்கிற்று. 2003 பிப்ரவரியில் அதைக் கூகுள் விலைக்கு வாங்கியது. அவ்வாண்டு மே மாதத்தில் மாட் முல்லன்வெக், மைக் லிட்டில் என்ற இருவர், வளர்ச்சி நின்றுபோயிருந்த வேறொரு மென்பொருளை எடுத்துச் சீர்திருத்தி, எவரும் விலையின்றிப் பயன்படுத்தவும் விரும்பியபடி மாற்றிக்கொள்ளவும் உரிமையளித்து, வேர்ட்பிரஸ் என்ற பெயரில் வெளியிட்டார்கள். யூனிகோடு எழுத்துருக்களும் எ-கலப்பை போன்ற தட்டச்சுக் கருவிகளும் பரவத் தொடங்கிய அந்தக் காலத்திலேயே தமிழ் வலைப்பதிவுகளும் முளைத்தன. 2004-ல் காசி ஆறுமுகம் தொடங்கிய, இப்பதிவுகளை ஓரிடத்தில் தொகுத்துக் காட்டும் தமிழ்மணம் என்னும் திரட்டி, கோயம்புத்தூரில் எழுதியதை டொராண்டோவிலும், யாழ்ப்பாணத்தில் எழுதியதைச் சிங்கப்பூரிலும் அன்றைக்கே படிக்கச் செய்தது. ஒரு பத்திராதிபரின் தயவையோ அச்சகத்தாரின் தவணையையோ எதிர்பாராமல், தம் தொழிலைப் பற்றியும் ஊரைப் பற்றியும் போரில் இழந்த உறவுகளைப் பற்றியும் சாதாரண மனிதர்கள் எழுதிய அந்த எழுத்துகளில் பெரும்பகுதிக்கு ஒரு காசுகூடக் கூலியாகக் கிடைக்கவில்லை.

கூலிக்கான ஓர் ஏற்பாடு அப்போதே தோன்றியிருந்தது. 2003 ஜூன் மாதத்தில் கூகுள் நிறுவனம் ஆட்சென்ஸ் என்னும் திட்டத்தைச் சிறு தளங்களுக்கும் திறந்துவிட்டது. ஒருவர் பக்கத்தைத் திறக்கும் அந்த விநாடிக்குள்ளாகவே விளம்பரதாரர்களிடையே இயந்திரங்கள் ஏலம் நடத்தி முடிக்க, ஏலத்தில் வென்றவரின் விளம்பரம் கட்டுரையின் நடுவே வந்து அமரும். அதனால் வரும் வருமானத்தில் தளம் நடத்துகிறவரின் பங்கு 68 சதவீதம் என்று அந்நிறுவனமே 2010-ல் அறிவித்தது. ஆனால் இத்திட்டம் ஏற்றுக்கொண்ட மொழிகளின் வரிசையில் தமிழ் இடம்பெற்றது 2018 பிப்ரவரியில்தான். இடைப்பட்ட பதினைந்து ஆண்டுகளில், உற்சாகத்தோடு எழுதவந்தவர்களில் பலர் ஓய்ந்துவிட்டார்கள். பலர் பேஸ்புக்குக்குக் குடிபெயர்ந்து, பத்து பக்கம் எழுதக்கூடிய விஷயத்தைப் பத்து வரியில் எழுதப் பழகிக்கொண்டார்கள்.

இன்று ஒரு தமிழ் வலைப்பதிவர் அத்திட்டத்தில் சேருகிறார் என்று வைத்துக்கொள்வோம். கணக்கில் பத்து டாலர் சேர்ந்ததும், அவருடைய விலாசம் மெய்தானா என்று அறிவதற்காக, ஆறு இலக்க எண்ணொன்றை அச்சிட்ட கடிதம் தபாலில் வருகிறது. தபால்காரர் கொண்டுவந்து கொடுத்த அந்தக் கடிதத்தை, தம் முதல் சம்பளத்தைப் போலப் படம் பிடித்து நண்பர்களுக்கு அனுப்பி மகிழும் இளைஞர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த மகிழ்ச்சி நியாயமானதே. ஆனால் நூறு டாலர் சேரும்வரையில் பணம் கைக்கு வராது. ஆயிரம் முறை பக்கம் பார்க்கப்பட்டால் ஒரு டாலர் கிடைக்கும் என்று கணக்குக்காக வைத்துக்கொண்டால்கூட, நூறு டாலருக்கு, அதாவது எட்டு ஒன்பதாயிரம் ரூபாய்க்கு, அவருடைய பக்கங்கள் ஒரு லட்சம் முறை திறக்கப்பட்டாக வேண்டும். ஒரே கட்டுரையைக் கனடாவில் இருப்பவர் படித்தால் வரும் தொகையைவிடக் கரூரில் இருப்பவர் படித்தால் வரும் தொகை மிகவும் குறைவு. ஏனெனில் அங்கே ஏலத்தில் நிற்கும் விளம்பரதாரர் கொடுக்கும் விலை வேறு, இங்கே கொடுக்கும் விலை வேறு. எழுத்தின் அருமைக்கும் அந்த விலைக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை.

ஒரு லட்சம் என்ற எண் எழுதுகிறவரை என்ன செய்கிறது என்பதை ஒரு சமையல் குறிப்பில் காணலாம். வெண்பொங்கலுக்கு அரிசியும் பாசிப்பருப்பும் எந்த அளவில் சேர்ப்பது, தண்ணீர் எத்தனை பங்கு என்று அறிவதற்காக ஒரு பெண்மணி அடுக்களையில் நின்றபடி கைப்பேசியைத் திறக்கிறார். முதல் பத்தி, வெண்பொங்கல் தமிழர்களின் பாரம்பரிய உணவு என்று சொல்லுகிறது; இரண்டாவது பத்தி, வெண்பொங்கல் செய்வது எப்படி என்று பலர் தேடுகிறார்கள் என்கிறது; மூன்றாவது, சுவையான வெண்பொங்கல் செய்வது எப்படி என்பதை இங்கே பார்க்கலாம் என்கிறது. ஒவ்வொரு பத்திக்கும் கீழே ஒரு விளம்பரம். திரையின் அடியில் ஒட்டிக்கொண்டு நகராத மற்றொரு விளம்பரம். ஈரக்கையால் திரையைத் தள்ளித் தள்ளி அவர் இறங்கிப்போக, ஒரு பங்கு அரிசி, அரைப் பங்கு பருப்பு என்ற விவரம் பக்கத்தின் அடிவாரத்தில் கிடைக்கிறது. இதை எழுதியவர் சமையல் அறியாதவர் அல்லர். மிளகை எப்போது போடுவது, நெய்யை எவ்வளவு விட்டால் பொங்கல் இறுகாமல் இருக்கும் என்பதெல்லாம் அவருக்கு நன்றாகத் தெரியும். தேடுபொறி விரும்பும் சொற்றொடரைத் திரும்பத் திரும்பச் சொல்லவேண்டும், விளம்பரங்களுக்கு இடமுண்டாகும்படி நீட்டவேண்டும் என்று வகுப்பில் அவருக்குப் போதித்திருக்கிறார்கள். ஆகவே அவர் வாசகருக்குத் தெரிய வேண்டியதைக் கடைசியில் வைத்து, இயந்திரத்துக்கு வேண்டியதை முதலில் வைக்கிறார். பணம் எங்கிருந்து வருகிறதோ அந்தத் திசையை நோக்கியே எழுத்து திரும்பிக்கொள்கிறது.

இப்படி இயந்திரத்துக்குப் பணிந்து எழுதியவரையேனும் அந்த இயந்திரம் காப்பாற்றுகிறதா என்றால், அதுவும் இல்லை. 2011-ல் கூகுள் தேடுபொறியில் பாண்டா என்ற பெயரால் வந்த மாற்றம், மட்டமான எழுத்தால் நிறைந்த தளங்களைத் தேடல் வரிசையில் கீழே தள்ளியது, அது நல்லதே. ஆனால் 2022-லும் 2023-லும் வந்த மாற்றங்களுக்குப் பின், பல ஆண்டுகள் பொறுப்போடு நடத்திவந்த சிறு தளங்களும் தங்களிடம் வந்த வாசகர்களில் பெரும்பகுதியினரை இழந்துவிட்டதாக உலகெங்கும் முறையிட்டன. 2024 முதல், தேடியவருக்கு விடையைக் கூகுளே சுருக்கி முகப்பில் கொடுக்கும் வழக்கம் இந்தியாவிலும் தொடங்கிவிட்டது. விடை முகப்பிலேயே கிடைத்துவிட்டால், அந்த விடைக்கு ஆதாரமான கட்டுரையைத் திறந்து பார்ப்பவர் எத்தனை பேர் இருப்பார்கள்? திறவாத பக்கத்தில் ஏலம் நடப்பதில்லை. பிறர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து அதில் தென்னங்கன்று வைத்தவருடைய நிலைமைதான் இவருடைய நிலைமையும். மரம் காய்க்கும் பருவத்தில் வரப்பை மாற்றும் அதிகாரம் நிலத்துக்காரரிடம் இருக்கிறது.

வாசகர் கூட்டம் ஓரளவு சேர்ந்த வலைப்பதிவருக்கு மற்றொரு சோதனை வருகிறது. தங்கள் தளம் மிகவும் நன்றாக இருக்கிறது, நாங்கள் அனுப்பும் ஒரு கட்டுரையைத் தங்கள் பெயரிலேயே வெளியிட்டு அதில் ஒரு சுட்டியை வைத்தால் இவ்வளவு ரூபாய் தருகிறோம், அது விளம்பரம் என்று குறிப்பிட வேண்டாம் என்று மின்னஞ்சல் வருகிறது. அந்தச் சுட்டி பல சமயங்களில் ரம்மி ஆட்டத்துக்கோ கடன் செயலிக்கோ கொண்டுபோய்விடும். இணையச் சூதாட்டத்தில் பணத்தைத் தொலைத்து உயிரை மாய்த்துக்கொண்டவர்களின் குடும்பங்களைக் கண்டு, அதைத் தடை செய்யத் தமிழ்நாடு 2022-ஆம் ஆண்டுச் சட்டத்தை இயற்றிய பிறகும், இந்த அழைப்புகள் ஓயவில்லை. கட்டணம் பெற்றுக்கொண்டு ஒரு பொருளைப் புகழ்பவர் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று இந்திய விளம்பரத் தர நிர்ணயக் குழு 2021-லும், மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2023-லும் நெறிமுறைகள் வகுத்திருக்கின்றன. சட்டம் இருக்கட்டும், நம்மை நம்பி வந்தவரை, நாமே படித்துப் பாராத ஒரு கட்டுரையின் வழியாகச் சூதாட்டக் கூடத்துக்கு அனுப்பிவைப்பதற்கு எந்த வறுமையும் சமாதானம் ஆகாது என்று நான் நினைக்கிறேன்.

விளம்பரம் என்பதே பாபம் என்று சொல்வது என் கருத்தன்று. 1928-ல் ஆனந்த விகடனை விலைக்கு வாங்கிய எஸ்.எஸ்.வாசன் விளம்பரத் தொழிலில் பழகியவர். பத்திரிகைக்கு விளம்பரம் எவ்வளவு பலம் என்பதை அவரைப்போல் அறிந்தவர் சிலரே. ஆனால் அந்நாளில் பத்திரிகை அலுவலகத்துக்கு விளம்பரம் கொண்டுவந்தவரை ஆசிரியருக்குத் தெரியும். வேண்டாம் என்று திருப்பியனுப்பும் உரிமையும் அவரிடம் இருந்தது. இன்றைய வலைப்பதிவர் சில வகை விளம்பரங்களைத் தடுக்கலாமே தவிர, அடுத்த நிமிஷம் தம் கட்டுரைக்கு அருகில் எது தோன்றும் என்பதை அறியமாட்டார். இதற்கு நேர்மாறான வழியில் சென்றவர் காந்தியடிகள். தென்னாப்பிரிக்காவில் 1903-ல் தொடங்கி, தமிழ் உள்ளிட்ட நான்கு மொழிகளில் வெளிவந்த இந்தியன் ஒப்பீனியன் பத்திரிகையில் அவர் பிற்காலத்தில் விளம்பரங்களை அடியோடு நிறுத்திவிட்டார். இந்தியாவில் அவர் நடத்திய யங் இந்தியா, நவஜீவன் ஆகியவற்றையும் விளம்பரமின்றியே நடத்தினார். தமிழில் சி.சு.செல்லப்பா 1959-ல் எழுத்து பத்திரிகையைத் தொடங்கி, கைப்பொருளையெல்லாம் அதிலே போட்டு, பிற்பாடு தாம் வெளியிட்ட புத்தகங்களைத் தோளில் சுமந்து கல்லூரி கல்லூரியாகச் சென்று விற்றார். அவரை வருத்தியவை காகித விலையும் அச்சுக்கூலியும் தபால் செலவும், மணியார்டர் வந்து சேரும் தாமதமும்.

அந்த இடையூறுகள் இன்று பெரும்பாலும் நீங்கிவிட்டன. சொந்தப் பெயரில் ஒரு தள முகவரியை ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய் அளவில் வாங்கிவிடலாம். தளத்தைத் தாங்கும் வழங்கிக்கு மேலும் சில ஆயிரம் ஆகும். 2016-ல் வந்த யுபிஐ முறையால், தேநீர்க் கடையில் பத்து ரூபாய் கொடுப்பதுபோலவே ஓர் எழுத்தாளருக்கு ஐம்பது ரூபாய் அனுப்பவும் முடிகிறது. இடையில் எவருக்கும் கமிஷன் போவதில்லை. மாதம் ஐம்பது ரூபாய் கொடுக்கும் வாசகர்கள் இருநூறு பேர் இருந்தால் பத்தாயிரம் ரூபாய் ஆகிறது. ஒரு லட்சம் பார்வைகளுக்காக எழுத்தை நீட்டியும் முறித்தும் பெறுவதைவிட இது அதிகம். இருநூறு பேரில் ஒருவர் கோபித்துக்கொண்டு விலகினால் போவது ஐம்பது ரூபாய்தான்; ஆகவே அவர்களில் எவருக்கும் எழுத்தாளரைப் பணியவைக்கும் சக்தி இல்லை.

இந்த இருநூறு பேரை அறிந்து வைத்திருப்பதே வலைப்பதிவரின் மூலதனம். பிறர் நடத்தும் இணையச் சேவைகள் என்றும் நிலைத்திருப்பதில்லை: ஜியோசிட்டீஸ் 2009-லும், கூகுள் ரீடர் 2013-லும், கூகுள் பிளஸ் 2019-லும் மூடப்பட்டன. புதிய பதிவுகளை வாசகருக்கு மின்னஞ்சலில் சேர்ப்பித்துவந்த ஃபீட்பர்னரின் அந்தச் சேவை 2021-ல் நிறுத்தப்பட்டபோது, சந்தாதாரர்களின் முகவரிப் பட்டியலைத் தரவிறக்கி வைத்துக்கொண்டவர்கள் மறுவாரமே வேறு சேவையின் மூலம் மடல் அனுப்பினார்கள். வைத்துக்கொள்ளாதவர்களுக்கு, பல ஆண்டுகளாகச் சேர்ந்த வாசகர்கள் யாரென்றே தெரியாமல் போயிற்று. தமிழ் வாசகர் மின்னஞ்சலைத் திறப்பது அரிது, வாட்ஸ்அப்பில்தான் அவரைப் பிடிக்கலாம் என்று சொல்லுகிறார்கள், உண்மைதான். ஆனாலும் அங்கே சேர்ந்த எண்களையும் தனியே ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்வதும், மாதந்தோறும் தளத்தின் எழுத்தையெல்லாம் தம் சொந்தக் கணினியில் சேமித்து வைப்பதும் அவசியம். பயிற்சி வகுப்புகளில் முதல் நாளே கற்பிக்க வேண்டியது இது.

பணம் கொடுக்க இயலாத மாணவரும் விவசாயியும் என்ன செய்வார்கள் என்று கேட்கலாம். எழுத்தைப் பூட்டி வைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. விக்கிப்பீடியா எவருக்கும் திறந்தே கிடக்கிறது. வணிக விளம்பரம் ஏற்பதில்லை. கொடுக்க முடிந்தவர் கொடுக்கும் நன்கொடையால் நடக்கிறது. வலைப்பதிவும் அவ்வாறே எல்லாருக்கும் திறந்திருக்க, வசதியுள்ள வாசகர் சந்தா கட்டலாம். ஆண்டு முடிவில் எவ்வளவு வந்தது, வழங்கிக்கும் முகவரிக்கும் எவ்வளவு சென்றது, எழுதியவருக்கு எஞ்சியது எவ்வளவு என்ற கணக்கை அவர்களுக்கு வெளியிட வேண்டும். இரண்டு மூன்று ஆண்டுகள் தவறாமல் எழுதிய பின்னரே இருநூறு பேர் சேர்வார்கள். அதுவரையில் கையிலிருக்கும் உத்தியோகத்தை விட்டுவிடாமல், வாரத்துக்கு ஒரு கட்டுரையேனும் சிரத்தையோடு எழுதிவர வேண்டும்.