நன்னெறிப் புத்தகம் யாரைக் காப்பாற்றுகிறது?

சென்ற இதழில் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர் எழுதிய கட்டுரையைப் படித்தேன். நீதிபோதனை வகுப்பைக் கைவிட்டதால்தான் பிள்ளைகள் கெட்டுப்போனார்கள் என்கிறார். ஒன்றாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை நன்னெறிக்குத் தனிப் புத்தகம், தனித் தேர்வு, நூறு மதிப்பெண் வேண்டும் என்கிறார். வகுப்பறைச் சுவரெல்லாம் நல்லொழுக்கப் படங்கள் தொங்க வேண்டும், மாதம் ஒருமுறை வெளியிலிருந்து பேச்சாளர் வர வேண்டும், ஆசிரியர் கைக்குப் பிரம்பு திரும்ப வேண்டும். இவற்றில் ஒன்றுகூடப் பிள்ளைகளுக்கு நன்மை செய்யாது. சில, கேடு செய்யும். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் அவருடைய குற்றப்பட்டியலைப் பாருங்கள். பிள்ளைகள் ஆசிரியரைக் கண்டால் எழுந்து நிற்பதில்லை. கை கட்டுவதில்லை. எதிர்க்கேள்வி கேட்கிறார்கள். தெருவில் பெரியவர் வந்தால் சைக்கிளை விட்டு இறங்குவதில்லை. இவ்வளவுதான். ஒரு பிள்ளை தன்னைவிட எளிய பிள்ளையை எப்படி நடத்துகிறது என்று அந்த நீண்ட கட்டுரையில் ஒரு வரி இல்லை. திக்கிப் பேசுகிறவனைக் கேலி செய்வது பற்றி இல்லை. சாதிப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது பற்றி இல்லை. பெண் பிள்ளைகளைப் பற்றி இல்லவே இல்லை. கீழே இருப்பவர் மேலே இருப்பவருக்குச் செய்ய வேண்டியதை மட்டுமே அவர் ஒழுக்கம் என்று எண்ணியிருக்கிறார். அதற்குக் கீழ்ப்படிதல் என்று பெயர். கீழ்ப்படிதலில் தேர்ந்த பிள்ளை, கொடுமை செய்யச் சொன்னாலும் கீழ்ப்படியும்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்ததை அவர் மறந்திருக்க முடியாது. உடன்படித்த மாணவர்களே ஒரு பட்டியலின மாணவனின் வீட்டுக்குள் இரவில் புகுந்து அவனையும் அவன் தங்கையையும் அரிவாளால் வெட்டினார்கள். வெட்டியவர்கள் நீதிக்கருத்தே காதில் விழாமல் வளர்ந்தவர்களா? தமிழ்நாட்டில் குறள் படிக்காமல் யாரும் பிளஸ் டூ வரை வர முடியாது. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை அறத்துப்பாலையும் பொருட்பாலையும் பாடத்தில் சேர்க்க வேண்டும் என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2016-லேயே உத்தரவிட்டுவிட்டது. மனப்பாடச் செய்யுளாக எழுதி மதிப்பெண்ணும் வாங்குகிறார்கள். குறளில் குறை இல்லை. பரீட்சைத் தாளில் அடி பிறழாமல் எழுதுவதும் பக்கத்து பெஞ்சில் இருப்பவனை மனிதனாக மதிப்பதும் ஒன்று என்று நம்பியவர்களிடம்தான் குறை.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. அதில் அறநெறி வகுப்புக்கும் பரிந்துரை இருக்கிறது என்பதைக் கட்டுரையாளர் ஆதாரமாகக் காட்டுகிறார். அறிக்கையில் மற்றவை என்ன இருந்தன என்பதை அவர் ஏன் சொல்லவில்லை? பள்ளிப் பெயர்களில் ஒட்டியிருக்கும் சாதியை எடுக்கச் சொன்னது. வருகைப் பதிவேட்டில் சாதி தெரியக் கூடாது என்றது. அகர வரிசையில் உட்காரவைக்கச் சொன்னது. கையில் கட்டும் வண்ணக் கயிறுகளுக்குத் தடை கேட்டது. ஆசிரியர்களை இடம் மாற்றுவது பற்றியும் பேசியது. பெரும்பகுதி, பள்ளியை நடத்தும் பெரியவர்கள் செய்ய வேண்டியவை. அதையெல்லாம் விட்டுவிட்டுப் பிள்ளைகள் படிக்க வேண்டிய ஒன்றை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொள்வது நேர்மையான வாசிப்பு அல்ல.

இன்னொன்றும் கேட்கிறேன். 2023 செப்டம்பரில் எட்டயபுரம் பக்கம் உசிலம்பட்டி ஊராட்சிப் பள்ளியில், சமைப்பவர் பட்டியலினப் பெண் என்பதால் பிள்ளைகள் காலை உணவை உண்ணவில்லை. எட்டயபுரம் பாரதி பிறந்த ஊர். சாதி பார்க்காதே என்று குழந்தைக்குச் சொல்லும் அவர் பாட்டைப் பாடாத தொடக்கப் பள்ளி தமிழ்நாட்டில் இல்லை. ஏழு வயதுப் பிள்ளை தானாக ஒரு சாதிக் கணக்குப் போட்டுத் தட்டைத் தள்ளி வைக்காது. வீட்டில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். எம்.பி. கனிமொழியும் அப்போதைய அமைச்சர் கீதா ஜீவனும் நேரில் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அங்கே தேவைப்பட்டது பெரியவர்கள் பெரியவர்களிடம் பேசுவதுதான். அந்தப் பிள்ளைகள் கையில் இன்னொரு புத்தகத்தைக் கொடுத்திருந்தால் அதையும் பாடிவிட்டு, தட்டைத் தள்ளியிருப்பார்கள்.

இனி அந்தப் புத்தகங்களுக்குள் போவோம். நான் நடுநிலைப் பள்ளி ஆசிரியை. எங்கள் ஊர் ஸ்டேஷனரிக் கடையில் தொங்கும் ‘நல்ல பழக்கங்கள்’ சார்ட் எனக்கு மனப்பாடம். ஒரு பையன் கண்ணாடி பதித்த வாஷ்பேசின் முன் நின்று பல் தேய்க்கிறான். ஷவரில் குளிக்கிறான். டைனிங் டேபிளில் அப்பா அம்மாவோடு உட்கார்ந்து சாப்பிடுகிறான். அம்மா புடவையில் பரிமாறுகிறார். அப்பா பேப்பர் படிக்கிறார். பையன் பளபளக்கும் ஷூவில் பள்ளிக்குக் கிளம்புகிறான். எல்லோரும் வெள்ளை நிறம். என் வகுப்பில் பாதிப் பேர் தெருக்குழாயில் பல் தேய்க்கிறவர்கள். அம்மா விடியுமுன் வேலைக்குப் போய்விட, தம்பிக்குத் தலை வாரி இழுத்துக்கொண்டு வருகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகள் செய்வது எந்தச் சார்ட்டிலும் நல்ல பழக்கமாக வரவில்லை. வசதியை ஒழுக்கமாக வரைந்து சுவரில் மாட்டினால், வசதியில்லாத பிள்ளை தன் வீட்டையே தப்பு என்று எண்ணக் கற்றுக்கொள்கிறது.

பயிற்சி நூல்கள் இதைவிட மோசம். கோடிட்ட இடம் நிரப்புக: பெரியவர்களைக் கண்டால் டேஷ் சொல்ல வேண்டும். சரியா தவறா: பொய் சொல்லலாம். இந்தக் கேள்விக்குத் தப்பாகப் பதில் எழுதும் பிள்ளையை நான் கண்டதில்லை. பக்கத்தில் இருப்பவனைப் பார்த்து எழுதிய பிள்ளைக்கும் முழு மதிப்பெண்தான். நேர்மை பற்றிய கேள்விக்குக் காப்பியடித்து நூறு வாங்க முடியும் என்றால் அந்தத் தேர்வு எதை அளக்கிறது? கட்டுரையாளர் கேட்கும் தனித் தேர்வின் கதி இதுதான். இரண்டு வருடத்தில் கடைகளில் நன்னெறி கைடு விற்கும். முக்கிய வினாக்கள் பட்டியல் வரும்.

இது என் ஊகம் மட்டும் அல்ல. 1928-ல் அமெரிக்காவில் ஹார்ட்ஷார்ன், மே என்ற இருவர் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளைச் சோதித்து ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு சூழலில் நேர்மையாக இருந்த பிள்ளை இன்னொரு சூழலில் ஏமாற்றியது. எது சரி என்று சொல்லத் தெரிவதும் அப்படி நடப்பதும் வேறுவேறாக இருந்தன. 2010-ல் அந்நாட்டுக் கல்வித் துறையின் ஆய்வு நிறுவனம், பண்பை வளர்ப்பதாகச் சொன்ன ஏழு திட்டங்களை மூன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை தொடர்ந்து பார்த்த முடிவை வெளியிட்டது. மொத்தமாக நோக்கினால் நடத்தையில் முன்னேற்றம் தெரியவில்லை. பலன் கண்ட திட்டங்களும் உலகில் உண்டு. 2011-ல் வெளிவந்த ஒரு பெரும் தொகுப்பாய்வு 213 திட்டங்களை எடுத்துப் பார்த்தது. அங்கே நன்றாகப் பலன் தந்தவை, சண்டையை எப்படித் தீர்ப்பது, கோபம் வந்தால் என்ன செய்வது என்று பிள்ளைகளை வகுப்பிலேயே செய்து பழகவைத்தவை. மனப்பாடம் செய்யவைத்தவை அல்ல.

நீதிக்கதைகளுக்கும் வருகிறேன். ‘புலி வருது’ என்று கூவி ஏமாற்றிய இடையன் கதையைச் சொன்னால் பிள்ளை பொய் சொல்லாது என்கிறார் கட்டுரையாளர். கனடாவில் ஆய்வாளர் காங் லீ குழுவினர் இதே கதையை மூன்று முதல் ஏழு வயதுப் பிள்ளைகளுக்குச் சொல்லிப் பார்த்து 2014-ல் வெளியிட்டார்கள். பொய் சொன்னவனுக்குக் கேடு வரும் கதை எந்த மாற்றமும் செய்யவில்லை. தப்பை ஒப்புக்கொண்ட சிறுவனை அப்பா பாராட்டும் ஜார்ஜ் வாஷிங்டன் கதையைக் கேட்ட பிள்ளைகள்தான் கூடுதலாக உண்மை சொன்னார்கள். கதையின் முடிவைத் தண்டனையாக மாற்றியதும் அந்தப் பலனும் போய்விட்டது. டொராண்டோவில் நடந்த இன்னோர் ஆய்வில், பகிர்ந்துகொள்வதைப் பற்றிய கதையில் மனிதர்கள் வந்தபோது பிள்ளைகள் கூடுதலாகப் பகிர்ந்தார்கள். அதே கதையில் விலங்குகள் வந்தபோது அப்படி நடக்கவில்லை. நம் நன்னெறி நூல்களைப் புரட்டுங்கள். நரி, காகம், சிங்கம், முயல், ஒவ்வொரு கதையின் முடிவிலும் ஒரு தண்டனை. பஞ்சதந்திரம் அருமையான இலக்கியம். கதையாகச் சொல்லுங்கள், சிரிக்கட்டும், வியக்கட்டும். கதைக்கடியில் கட்டம் போட்டு நீதியை அச்சடித்து அதைக் கொல்லாதீர்கள்.

வகுப்பறையில் உண்மையான நன்னெறிப் பாடம் எங்கே நடக்கிறது தெரியுமா? ஆசிரியர் வெளியே போகும்போது லீடரிடம் சாக்பீஸைக் கொடுத்து ‘பேசுறவங்க பேரை எழுதி வை’ என்கிறாரே, அங்கே நடக்கிறது. பெயருக்குப் பக்கத்தில் ‘மி.அ.’ என்று எழுதுவார்கள். மிக அதிகம் என்று பொருள். அதற்கும் பக்கத்தில் ‘அடங்கவில்லை’. மிட்டாய் கொடுத்தால் பெயர் அழியும். லீடரோடு சண்டை போட்டவன் வாயே திறக்காவிட்டாலும் பெயர் ஏறும். அதிகாரம் கையில் வந்தால் என்ன செய்யலாம் என்பதை எட்டு வயதுப் பிள்ளைக்கு நாமே செய்முறையில் கற்றுக்கொடுக்கிறோம். அதிகாரி ஆய்வுக்கு வரும் நாளில் நன்றாக வாசிக்கும் பிள்ளைகளை முன் பெஞ்சுக்கு மாற்றி, வாசிக்கத் தெரியாதவர்களைப் பின்னால் தள்ளி, ‘தினமும் லேப் போறோம்னு சொல்லணும், சரியா?’ என்று பழக்குவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பிள்ளைகள் ஒரே குரலில் ‘சரி மிஸ்’ என்றார்கள். அவர்கள் தலைக்கு மேல் சுவரில், உண்மையே பேச வேண்டும் என்ற சார்ட் அன்றைக்கென்று புதிதாக ஒட்டப்பட்டிருந்தது.

2022-ல் பெருந்துறை அருகே ஓர் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் பட்டியலினப் பிள்ளைகளைக் கழிப்பறை கழுவவைத்த புகாரில் தலைமை ஆசிரியை கைதானார். டெங்குவில் விழுந்த பையனிடம் அம்மா கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அந்தப் பிள்ளைகளுக்கு எந்த நன்னெறிப் புத்தகத்தைப் பரிந்துரைக்கிறார் கட்டுரையாளர்? பெரியவர் சொல் கேள் என்பதையா? கேட்டதனால்தானே கழுவினார்கள்.

மாதாந்தரப் பேச்சாளர் யோசனை ஏற்கெனவே சோதிக்கப்பட்டுவிட்டது. 2024-ல் சென்னை அசோக் நகர் அரசு மகளிர் பள்ளியில் தன்னம்பிக்கை ஊட்ட வந்தவர், உடல் ஊனம் முற்பிறவியில் செய்த பாவத்தின் பலன் என்ற பொருளில் மாணவிகளிடம் பேசினார். அங்கேயே எழுந்து அதைத் தட்டிக் கேட்டவர் பார்வையற்ற ஓர் ஆசிரியர். அந்த ஆண்டு தமிழ்நாட்டுப் பள்ளிகளில் நடந்த மிகச் சிறந்த நன்னெறி வகுப்பு அதுதான் என்பேன். எதிர்த்துப் பேசுவதையும் பிள்ளைகளின் குற்றமாக எழுதியவர், அன்று அந்த ஆசிரியர் என்ன செய்திருக்க வேண்டும் என்று சொல்லட்டும்.

பிரம்பைப் பற்றி நீட்டி எழுத ஒன்றும் இல்லை. கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 17: உடல் தண்டனையும் மன உளைச்சல் தருவதும் தடை. சட்டத்தை மீறச் சொல்லும் ஒருவர் ஒழுக்கப் பாடத்திட்டம் தர முன்வருகிறார். அடிபட்ட பிள்ளை கற்றது, வலுத்தவன் அடிக்கலாம் என்பதை.

‘சரி, மாற்று என்ன?’ என்று சவால் விட்டுக் கட்டுரையை முடித்திருக்கிறார். என்னிடம் இருக்கிறது. சார்ட்டுகளைக் கழற்றிவிட்டு வாரம் ஒரு பீரியடை வகுப்புக் கூட்டமாக்குங்கள். அந்த வாரம் நடந்த சண்டையையே எடுத்துப் பேசட்டும். ஆசிரியர் தீர்ப்புச் சொல்ல வேண்டாம், எல்லோரும் பேசி முடித்தார்களா என்று மட்டும் பார்த்துக்கொள்ளட்டும். குறளைத் தாராளமாக எடுங்கள், ஆனால் அதோடு விவாதிக்க விடுங்கள். ‘தீமை செய்தவனுக்கும் நன்மை செய்யணுமா மிஸ்?’ என்று கேட்கும் பிள்ளைக்கு மதிப்பெண் குறைக்காதீர்கள். புத்தகம் போட்டே ஆக வேண்டுமென்றால் விடைக்குறிப்பு இல்லாமல் போடுங்கள். ‘உன் தோழி அவள் டிபன் பாக்ஸை உன்னோடு பகிரக் கூடாது என்று அவள் வீட்டில் சொல்லிவிட்டார்கள், இருவரும் என்ன செய்வீர்கள்?’ என்று ஒரு பக்கம் கேட்டுவிட்டு, மீதிப் பக்கத்தை வெறுமையாக விடுங்கள். கழிப்பறைக்குத் துப்புரவுப் பணியாளரை நியமியுங்கள். புகார்ப் பெட்டியைப் பிள்ளைகள் முன்னால் திறந்து, ஆசிரியர் மேல் வந்த புகாரையும் சேர்த்து வாசியுங்கள். ‘பேசுறவங்க பேர்’ எழுதுவதை நாளைக்கே நிறுத்துங்கள், அதற்கு அரசாணை வேண்டாம். இவற்றில் எதைப் பள்ளியில் செய்ய முடியாது, ஏன் முடியாது என்று அடுத்த இதழில் அவர் எழுதட்டும்.