ஒரே பெட்டி, ஒரே வெள்ளம்

ரெய்டு என்றதும் நமக்கு இன்கம்டாக்ஸ்காரர்கள்தான் ஞாபகத்துக்கு வருவார்கள். கம்ப்யூட்டர் கடையில் அதற்கு அர்த்தம் வேறு. பல ஹார்ட் டிஸ்க்குகளைக் கூட்டணி சேர்த்து, ஒரே டிஸ்க் மாதிரி வேலை வாங்குவது. 1988-ல் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் பேட்டர்ஸன், கிப்ஸன், காட்ஸ் என்ற மூவர் ஒரு கட்டுரையில் வைத்த பெயர் அது. மலிவான டிஸ்க்குகள் நாலு சேர்ந்தால் விலை உயர்ந்த பெரிய டிஸ்க்கை ஜெயிக்கலாம் என்பது அவர்கள் வாதம். நல்ல வாதம்தான். அதை நம் ஊரில் விற்கிற விதத்தில்தான் எனக்குத் தகராறு.

தாம்பரம், குரோம்பேட்டை, மேடவாக்கம் வட்டாரத்தில் கல்யாண வீடியோ எடிட் செய்பவர், ஆடிட்டர், வீட்டு பிளான் போடும் இன்ஜினீயர் எல்லோருக்கும் வொர்க்ஸ்டேஷன் தேவைப்படுகிறது. “ரெய்டு போட்டுத் தர்றேன் சார், டேட்டா போகவே போகாது” என்று தலையில் கட்டிவிடுகிறார்கள்.

எந்த ரெய்டு என்று நாம் கேட்பதில்லை. ரெய்டு ஜீரோ என்றால், ஃபைலைத் துண்டு போட்டு இரண்டு டிஸ்க்கிலும் பங்கு வைப்பது. வேகம் உண்டு, ஆனால், ஒரு டிஸ்க் செத்தால் மொத்தமும் காலி. ரெய்டு ஒன்று என்றால், ஒன்றில் எழுதுவதையே மற்றதிலும் எழுதுவது. ஒரு டிஸ்க் செத்தால் மற்றது காப்பாற்றும். அவ்வளவுதான். நீங்கள் கைதவறி அழித்தால் இரண்டிலும் அழியும். வைரஸ் வந்தாலும் அதே கதி. பி.காம். படித்தவர்களுக்கு இது பழைய பாடம். தப்பான தொகையை இரண்டு பக்கமும் எழுதினால் டிரையல் பாலன்ஸ் ஜோராக டேலி ஆகும். கணக்கு சரியாகிவிடுமா?

2015 டிசம்பர் முதல் தேதி தொடங்கி 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் கொட்டிய மழை 49 செ.மீ. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் தரைத்தளங்கள் மூழ்கின. 2023 மிக்ஜாம் புயலிலும் முடிச்சூருக்குள் தண்ணீர் வந்தது. மேஜைக்கு அடியில் இருக்கிற பெட்டிக்குள் இரண்டு டிஸ்க் இருந்தால் என்ன, எட்டு இருந்தால் என்ன? எல்லாம் சேர்ந்துதான் முழுகும்.

வெள்ளம் வராவிட்டாலும் வேறொரு கண்டம் இருக்கிறது. மதர்போர்டில் பயாஸ் என்ற சின்ன சிப் உண்டு. அதில் உள்ள புரோகிராம்தான் கம்ப்யூட்டரைத் தட்டி எழுப்புகிறது. 1999 ஏப்ரல் 26 அன்று சி.ஐ.ஹெச். வைரஸ் உலகம் முழுக்கப் பல கம்ப்யூட்டர்களில் இதைத்தான் அழித்தது. இன்று அதற்கு வைரஸ்கூட வேண்டாம். அப்டேட் ஓடும்போது கரண்ட் போனால் போதும்.

“போர்டு போச்சு சார், புதுசு மாத்தணும்” என்பார்கள். நம்பாதீர்கள். சில போர்டுகளில் மாற்று பயாஸ் சிப் இருக்கிறது. சிலவற்றைப் பென் டிரைவ் மூலமே மீட்கலாம். இல்லையென்றால், சிப்பில் கிளிப் மாட்டி மறுபடி எழுத ஒரு சின்னக் கருவி போதும்.

அசல் ஆபத்து அதற்குப் பிறகு. உயிர் பிழைத்த பயாஸுக்குப் பழைய ஞாபகம் இருக்காது. ரெய்டு செட்டிங் அணைந்து, டிஸ்க்குகள் தனித்தனியாக நிற்கும். விண்டோஸ் விழித்துக்கொண்டு ‘ஃபார்மட் பண்ணட்டுமா’ என்று கேட்கும். கடைப் பையன் யோசிக்காமல் ‘ஓகே’ தட்டுவான். ஆபரேஷன் சக்சஸ், பேஷன்ட் அவுட்! கூட்டணி விவரம் பெரும்பாலும் அந்த டிஸ்க்குகளிலேயே எழுதப்பட்டிருக்கும். பயாஸில் ரெய்டை மறுபடி ஆன் செய்திருந்தாலே அநேகமாக எல்லாம் திரும்பி வந்திருக்கும்.

கடைக்காரர்களே, விலையை மட்டும் பில்லில் எழுதினால் போதாது. எந்த ரெய்டு, எந்த டிஸ்க் எந்த சாக்கெட்டில், பயாஸில் என்ன செட்டிங் என்பதையும் எழுதிக் கொடுங்கள். கஸ்டமர் கையெழுத்து இல்லாமல் ஃபார்மட் செய்யாதீர்கள்.

வாங்குபவர்களே, மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில் என்பது பழைய விதி. தனியாக ஒரு டிஸ்க் வாங்கி, காப்பி எடுத்து, மேட்டுப் பகுதியில் இருக்கிற மச்சான் வீட்டு பீரோவில் வையுங்கள். அல்லது இன்டர்நெட்டில் ஏற்றுங்கள். செலவு சில ஆயிரம்தான்.

போர்டு மறுபடி கிடைக்கும், டிஸ்க்கும் கிடைக்கும். முகூர்த்தம் முடிந்து ஆறு மாதம் கழித்து, ‘இன்னொரு தடவை தாலி கட்டுங்க, வீடியோ அழிஞ்சு போச்சு’ என்று எந்த மாப்பிள்ளையிடம் போய்ச் சொல்வீர்கள்?