போனஸில் புகைக்கணக்கும் சேரட்டும்

தலைமை நிர்வாகிகளின் போனஸைப் பருவநிலை இலக்கோடு முடிச்சுப் போடக் கூடாது என்கிறார்கள் சிலர். புகை குறைவது அரசுக் கொள்கையையும் மின்தேவையையும் பொறுத்தது, நிர்வாகியின் கையில் இல்லை என்பது அவர்கள் வாதம். லாபம் மட்டும் அவர் கையிலா இருக்கிறது? நிலக்கரி விலையும் ரிங்கிட் மதிப்பும் அவரைக் கேட்டா ஏறி இறங்குகின்றன? ஆனாலும் லாபம் வந்த ஆண்டில் போனஸ் தருகிறோம்.

மலேசியப் பங்குப் பத்திர ஆணையத்தின் 2021 நிறுவன ஆளுகை நெறிமுறை, மூத்த நிர்வாகிகளின் மதிப்பீட்டில் நீடித்த நிலைத்தன்மையையும் பார்க்கச் சொல்கிறது. சம்பளத்தில் அதற்கு எத்தனை பங்கு என்று வரையறுக்கவில்லை. பருவநிலை அபாயம் தள்ளிப்போடக் கூடியதல்ல என்பதையும் பார்த்தோம்: அதே ஆண்டு டிசம்பர் வெள்ளத்தில் தாமான் ஸ்ரீ மூடா மக்கள் கூரையேறிப் படகுக்குக் காத்திருந்தார்கள். நாடு முழுக்க இழப்பு 6.1 பில்லியன் ரிங்கிட். இந்த நெறிமுறைக்கு இன்னும் பல் முளைக்க வேண்டும்.

எதை அளப்பது என்பதில்தான் ஏமாறக் கூடாது. மின் நிறுவனமான தெனாகா நேஷனல், 2035க்குள் உமிழ்வுச் செறிவை 35 விழுக்காடு குறைப்பதாக 2021இல் அறிவித்தது. செறிவு என்பது ஒரு யூனிட் மின்சாரத்துக்கு எவ்வளவு கரியமில வாயு என்ற கணக்கு. உற்பத்தி பெருகினால் செறிவு குறைந்தும் மொத்தப் புகை ஏறலாம். நிலக்கரி மின்உற்பத்தித் திறனைப் பாதியாக்குவோம் என்றும் சொன்னார்களே, அது உருப்படியான அளவுகோல். கிள்ளான் பக்கத்துக் காப்பார் நிலக்கரி மின்நிலையத்தில் எந்த அலகு எப்போது நின்றது என்று கிள்ளான்காரர் யாரும் சரிபார்க்கலாம். போனஸை அதில் கட்டுங்கள்; இலக்கு தவறினால் கொடுத்ததைத் திரும்பப் பெறும் விதியையும் சேர்த்துவிடுங்கள்.