வாயில்லா ஜீவனின் மொழி



நம் இல்லங்களுக்குப் பூனை அந்நியப் பிராணியன்று. நபித்தோழர் ஒருவர் 'பூனைக்குட்டியின் தந்தை' எனும் பொருள்பட அபூஹுரைரா (ரலி) என்றே அழைக்கப்பட்டார். பூனையொன்றை அடைத்து வைத்து, உணவும் அளிக்காமல், இரை தேடிக்கொள்ள விடவும் செய்யாமல் சாகடித்த பெண்ணின் கதியை நபி (ஸல்) அவர்கள் எடுத்துரைத்து எச்சரித்ததையும் நாம் அறிவோம். உணவளித்த மாத்திரத்தில் நமது பொறுப்பு தீர்ந்துவிடுமா?

சில ஆண்டுகளுக்கு முன் என் வீட்டில் ஆண் பூனை ஒன்று வளர்ந்தது. ஒருநாள் மாலை முதல் அது அடிக்கடி கொல்லைப்புற மணலுக்குச் சென்று குந்தி முக்கியது, முனகியது. மலச்சிக்கல்தான் என்றெண்ணி இரண்டு நாட்களைக் கடத்தினேன். மூன்றாம் நாள் சுபுஹுத் தொழுதுவிட்டு வந்தபோது அது உயிரற்றுக் கிடந்தது. சிறுநீர்ப்பாதை அடைபட்டிருக்க வேண்டும் என்று கால்நடை மருத்துவர் பின்னர் விளக்கியபோது வெட்கித் தலைகுனிந்தேன். அது தனது மொழியில் சொல்லிக்கொண்டுதான் இருந்தது, எனக்குத்தான் விளங்கவில்லை.

பூனை தன் நோயை மறைக்கும் இயல்புடையது. பெரிய விலங்குகளுக்குத் தானும் இரையாகக் கூடுமாதலால், பலவீனத்தை வெளிக்காட்டாமலிருப்பது அதன் தற்காப்பு. ஆகவே அதன் வழக்கம் மாறுவதையே நாம் கவனிக்க வேண்டும்.

மடியில் வந்து படுக்கும் பூனை கட்டிலடியில் பதுங்குகிறதா? தன்னை நக்கிச் சுத்தம் செய்வதை நிறுத்தி, உரோமம் சடை பிடித்திருக்கிறதா? மதிலேறிய பூனை நாற்காலியில் ஏறவும் தயங்குகிறதா? முதுமை என்று ஒதுக்கிவிடாதீர்கள், மூட்டுவலியாக இருக்கலாம். வழக்கத்தைவிட அதிகம் நீர் பருகி, அதிகம் சிறுநீர் கழித்தால் சிறுநீரகக் கோளாறோ நீரிழிவோ இருக்கக்கூடும். வயதான பூனை நிறைய உண்டும் மெலிந்தால் தைராய்டு சுரப்பியைச் சோதிக்க வேண்டும். பருத்த பூனை சில நாட்கள் பட்டினி கிடந்தாலே கொழுப்பு ஈரலில் தேங்கி உயிருக்கு ஆபத்தாகும். எனவே 24 மணி நேரம் உண்ணாதிருந்தால் மருத்துவரை நாடுங்கள்.

ஆண் பூனை சிறுநீர் கழிக்க இயலாமல் முக்குவதும், எந்தப் பூனையாயினும் வாயைத் திறந்து மூச்சு வாங்குவதும் மறுநாள் வரை பொறுக்கத் தக்கவையல்ல. அன்றே கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

கைமருந்தாகப் பாரஸிட்டமால் கொடுத்துவிடாதீர்கள். நமக்குக் காய்ச்சல் தணிக்கும் அந்த ஒரே மாத்திரை பூனையின் உயிரைப் பறித்துவிடும்.

சாதுவான பூனை திடீரெனச் சீறிக் கடித்தால் வலியோ வெறிநோயோ காரணமாகலாம். கடித்த இடத்தைச் சோப்பும் நீரும் கொண்டு 15 நிமிடங்கள் கழுவி, தாமதியாமல் மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசி பற்றிக் கேளுங்கள்.

தாய்மார்களே! பூனைக்குச் சோறு வைக்கும் உங்கள் பிள்ளைகளிடம், அது உண்டதா, நீர் பருகியதா, சிறுநீர் கழித்ததா என்று பார்த்து வரவும் பழக்குங்கள். என் வீட்டில் அப்படிப் பார்க்க ஒருவர் இருந்திருந்தால், அந்த இரண்டு நாட்கள் வீணாகியிரா.